திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம்?



போன மே மாதம் நான் யாழ்ப்பாணம் போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். படங்கள் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு என் அக்கா பேரன் பெங்களூரிலிருந்து குடும்பக் குழுவில் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, போன்ல தேடினா பிளைட்டுக்கு ஒரு மணி நேரம்னு காட்டுது. கார்ல போற வழி கேட்டா வழியே இல்லைங்குது. உண்மையில எவ்வளவு தூரம்?"

"கோயம்புத்தூர் தூரம்தான்டா" என்று அப்போது ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு ஒரு வரிப் பதில் தூக்கம் தராது. அதோடு, இதே கேள்வியை 1990-இல் நானே வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்டு, அவள் சொன்ன பதிலுக்குச் சிவப்பு மையில் தப்பு போட்டவன். அதையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. மெதுவாகப் படியுங்கள்.

முதலில் அட்லஸை எடுங்கள். போனில் இருக்கும் வரைபடம் வேண்டாம், புத்தகம்தான் வேண்டும். வீட்டில் பிள்ளைகளிடம் இருக்கும். திருச்சி மீது ஸ்கேலின் ஒரு முனையை வையுங்கள். மறுமுனையை யாழ்ப்பாணத்தின் வடக்கே, கடலோரம் இருக்கும் பலாலி பக்கம் கொண்டு போங்கள். அளவுகோலைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 185 கிலோமீட்டர் வரும். இப்போது ஸ்கேலை மேற்கே திருப்பிக் கோயம்புத்தூர் மேல் வையுங்கள். அதுவும் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். அதாவது நேர்கோட்டில் பார்த்தால் கோவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது நம் திருச்சி.

இன்னொன்றும் பாருங்கள். சென்னையும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில், 80 பாகையை ஒட்டி இருக்கின்றன. சென்னையிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் யாழ்ப்பாணத்தில் போய் இடிக்கும். சுமார் 355 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். ஆக, சென்னைக்கு மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் சொச்சம். ஆக, யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பை விடத் திருச்சி பக்கம்.

கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்தூரம் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர் அளவுதான். இந்தத் தூரங்கள் எதுவும் நம் தாத்தா காலத்திலிருந்து ஒரு அடிகூட மாறவில்லை. ஆனால் போய்ச் சேர ஆகும் நேரம் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது எப்படி மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்தில் இந்தக் கடலைப் பாய்மரத் தோணிகள்தான் இணைத்தன. பருத்தித்துறை, வல்வெட்டித்துறையிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தோணிகள் வந்து போயின. வல்வெட்டித்துறைக்காரர்களின் கப்பல் கட்டும் திறமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு நாகப்பட்டினம் அடுத்த தெரு மாதிரி. சாமானும் போயிற்று, ஆட்களும் போனார்கள், படிப்பும் போயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வு 1857-இல் நடந்தது. அதில் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். பிற்பாடு பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெரியவர். ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1864-இல். கடல் அன்று தடையாகத் தெரியவில்லை, பாதையாகத்தான் தெரிந்திருக்கிறது.

அடுத்தது ரயிலும் கப்பலும். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மறுவாரமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் இறங்கி வடக்கே போகும் வண்டிக்கு மாற வேண்டும். இதைத்தான் நம் பெரியவர்கள் போட் மெயில் என்றார்கள். இப்போதும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை போட் மெயில் என்று சொல்லும் ஆட்கள் திருச்சி ஜங்ஷனில் இருக்கிறார்கள். போட் போய்ப் பல வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

இனி விமானம். இந்தியாவில் அஞ்சல் விமானச் சேவையை டாடா நிறுவனம் தொடங்கியது 1932 அக்டோபர் 15-இல். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் ஓட்டினார். 1938-இல் அந்தச் சேவை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. கடிதப் பைதான் முக்கியம், மனிதர்கள் பிறகுதான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரம் முன்பு, 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து புறப்பட்டது. டக்கோட்டா என்கிற இரண்டு எஞ்சின் விமானம். எங்கே போனது தெரியுமா? லண்டனுக்கு அல்ல. யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு. ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த வழி இதுதான்.

பிறகு திருச்சிக்கும் விமானம் வந்தது. காலையில் வந்து சேலை எடுத்து, படம் பார்த்து, ஸ்ரீரங்கம் கும்பிட்டுப் போன கதைகளை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டக்கோட்டா மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில் பறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 355-ஐ 280-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். இப்போது சென்னை, யாழ்ப்பாணம் இடையே பறப்பது ஏ.டி.ஆர். என்ற காற்றாடி வைத்த விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம் பறக்கும். ஆனாலும் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல்தான் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. எழுபத்தைந்து வருடத்து விஞ்ஞானத்தில் இந்த வழியில் நாம் மிச்சம் பிடித்த நேரம் அவ்வளவுதான். ஆகவே நேரம் கூடியதும் குறைந்ததும் விமானத்தால் அல்ல.

எதனால் என்று பார்ப்போம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா ரேடியோவில் கேட்டுவிட்டு வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்தது மங்கலாக நினைவிருக்கிறது. அதன்பின் தனுஷ்கோடிக்குப் பதில் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 'ராமானுஜம்' என்று பெயர். 1980-களின் முற்பகுதியில் அதுவும் நின்றுபோனது. இயற்கை மூடிய வழியை மனிதர்கள் திறந்தார்கள். மனிதர்கள் மூடிய வழியைத் திறக்கத்தான் நெடுநாள் ஆனது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நடந்ததை நான் விரிக்கப் போவதில்லை. உங்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள், சிலர் அனுபவித்திருப்பீர்கள். வழிகளை மட்டும் சொல்கிறேன். 1956 முதல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்த யாழ்தேவி ரயில் 1990-இல் நின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. பலாலி முழுக்க ராணுவத்தின் தளமாயிற்று. சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்று காலி செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்து மக்கள் உள்நாட்டுக்குள் போகவே கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட ஒரு பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த 1990-இல்தான் அந்தப் பிள்ளை என் வகுப்புக்கு வந்தாள்.

அப்போது நான் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். முகாமிலிருந்து காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். இவள் பத்து வயது. ஊர் மயிலிட்டி. பலாலி ஓடுபாதைக்கு அடுத்தாற்போல் இருக்கும் மீன்பிடிக் கிராமம். ஜூன் மாதம் சண்டை தொடங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அம்மம்மாவால் நடக்க முடியாது, உறவினர் வீட்டில் விட்டுவிட்டார்கள். நடந்தும் டிராக்டரிலும் மன்னார் பக்கம் வந்து, கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கி, ஒரு ராத்திரி படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கியிருக்கிறார்கள். பிறகு மண்டபம் முகாம். பிறகு திருச்சி. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரியாது. கேட்கவும் இல்லை.

வரைபடம், அளவுகோல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "அவரவர் சொந்த ஊர் திருச்சியிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று எல்லோரையும் எழுதச் சொன்னேன். லால்குடி, முசிறி, மணப்பாறை என்று எல்லோரும் எழுதினார்கள். இவள் நோட்டில் "53 நாள்" என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

எழுந்து நின்று, "ஐம்பத்து மூண்டு நாள், சேர்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. "தூரத்தை நாளில் சொல்லக் கூடாது, கிலோமீட்டரில் சொல்ல வேண்டும்" என்று சொல்லி, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு முதல் வாரமே சொல்லித்தந்தது, பிள்ளையின் தப்பான விடைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேள் என்பது. பட்டயம் வாங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மறந்திருந்தேன்.

அவள் எட்டாம் வகுப்பு முடிக்கிறவரை எங்கள் பள்ளியில்தான் இருந்தாள். 1994-இல் ஒருநாள் பள்ளிக்கு வரவில்லை. முகாமுக்குப் போய் விசாரித்தால், அம்மம்மா இறந்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. எப்போது இறந்தார் என்று கேட்டேன். "ரெண்டு மாசத்துக்கு முந்தி" என்றார் அவள் அம்மா. 185 கிலோமீட்டர் தாண்டி அந்தக் கடிதம் வர இரண்டு மாதம். அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் '53 நாள்' எனக்குப் புரிந்தது.

அவள் முகாமிலேயே வளர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, போர் முடிந்த பிறகு 2012-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினாள். அப்போது யாழ்ப்பாணத்துக்கு இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். அங்கே இறங்கி, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் சாலைவழி வடக்கே திரும்பி வர வேண்டும். 185 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் போக ஒருவர் சென்னையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது மாதிரி. அப்படிப் போய்ச் சேர்ந்தும் மயிலிட்டிக்குள் விடவில்லை. மல்லாகத்தில் உறவினர் வீட்டை ஒட்டித் தங்கினார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்கள் கைக்குத் திரும்பியது 2017-இல்தான்.

அதன்பிறகு வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாழ்தேவி 2014 அக்டோபரிலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. 2019 அக்டோபர் 17-இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானங்கள் முறையாக வரத் தொடங்கின. ஐந்து மாதம் போவதற்குள் கொரோனா. 2020 மார்ச்சில் நின்றது 2022 டிசம்பர் 12-இல்தான் மீண்டும் பறந்தது. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். பருவமழை வந்ததும் சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம்.

ஏப்ரலில் அவளிடமிருந்து போன் வந்தது. "சேர், மகளுக்குக் கலியாணம். இப்ப திருச்சியில இருந்து பிளேன் வருது. இனிச் சாட்டுச் சொல்லேலாது. வாங்கோ."

போனேன். மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. தனியாகத்தான் போனேன்.

இனி அக்கா பேரனுக்காகச் சரியான கணக்கு. திருவெறும்பூர் வீட்டிலிருந்து கிளம்பியது காலை ஒன்பதரை மணி. வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்கிறார்கள். இணையத்தில் வாங்கிய பயண அனுமதி, பாஸ்போர்ட் சோதனை, குடியேற்ற அதிகாரி முன் வரிசை. விமானத்தின் சக்கரம் தரையை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழைய பழக்கம். காவிரியும் வாய்க்கால்களும் பச்சைப் பச்சையாகப் போயின. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கமாக இருக்க வேண்டும், கரை முடிந்தது. கீழே கடல். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா கையில் திருச்சி துணிக்கடைப் பையோடு, "இந்தா முடிஞ்சுபோம்" என்றார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பனைமரங்கள் தெரிந்தன. சிவப்பு மண், வேலி வேலியாகப் பிரித்த தோட்டங்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது பார்த்தால் 40 நிமிடம்.

185 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம்தானே வர வேண்டும் என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். விமானம் பேருந்து மாதிரி கிளம்பிய உடனே முழு வேகம் எடுக்காது. ஏறும்போது மெதுவாகத்தான் போகும். குறுக்கே பறக்க முடியாது, குறித்துக் கொடுத்த வான்வழியில்தான் போக வேண்டும். இறங்கும் முன் வேகத்தைக் குறைத்து, ஓடுபாதைக்கு நேராக வளைந்து வர வேண்டும். தூரம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கம்தான் நேரத்தில் பெரும் பங்கு. அதனால்தான் டிக்கெட்டில் ஒரு மணி நேரம், வானில் 40 நிமிடம். வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால் ஐந்தரை மணி நேரம். கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலையும் இல்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996-இலிருந்து 2006 வரை இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது.

விமான நிலையத்திலிருந்து மயிலிட்டி சில கிலோமீட்டர்தான். சாலையின் ஒரு பக்கம் இன்னும் ராணுவ வேலி. மறுபக்கம் புதிதாகக் கூரை போட்ட வீடுகள். இடையிடையே கூரை இல்லாத பழைய சுவர்கள், உள்ளே மரம் முளைத்து நின்றன. அவள் வீடு பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டியது. கிணறு மட்டும் பழசு. அதைத்தான் முதலில் காட்டினாள். இப்போது அவள் ஊர் முன்பள்ளியில் ஆசிரியை. நாற்பத்தைந்து வயது, காதோரம் நரைத்திருந்தது. "என்ன சேர், இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். நாம் பேசுகிற மாதிரியும் பேசுகிறாள், அவர்கள் மாதிரியும் பேசுகிறாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாலை கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் போனது. அவள் வீட்டு நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. "இங்க சின்ன வயசில பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடுவம். இப்ப எந்த ஊர் பிளேன் எண்டு பிள்ளையள் சொல்லுதுகள்" என்றாள்.

அப்போதுதான் நான் கேட்டேன். முப்பத்தைந்து வருடமாகத் தொண்டையில் நின்றது. ஐந்தாம் வகுப்பில் தூரம் எழுதச் சொன்னேனே, நீ 53 நாள் என்று எழுதினாயே, நான் தப்புப் போட்டேனே, நினைவிருக்கிறதா? அது தப்பில்லையம்மா, நான்தான் தப்பு என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் பிழை போட்டது ஞாபகமில்லை சேர்" என்றாள். பிறகு சிரித்தாள். "ஆனா அது பிழைதான். ஐம்பத்து மூண்டு இல்லை, ஐம்பத்தொண்டு. மண்டபத்தில நிண்ட ரெண்டு நாளை நான் ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். பிறகு அம்மா கணக்குப் பாத்துச் சொன்னவ."

நானும் சிரித்துவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவள் அம்மா திருச்சி முகாமிலேயே 2009-இல் காலமானவர். ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை.

ஆகவே பேராண்டி, உன் கேள்விக்கு என் திருத்திய விடை இது. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் 185 கிலோமீட்டர். வானில் 40 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரம், வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்தரை மணி நேரம். 2012-இல் கொழும்பைச் சுற்றி 800 கிலோமீட்டருக்கு மேல். 1994-இல் ஒரு கடிதத்துக்கு இரண்டு மாதம். 1990-இல் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு 51 நாள். அவள் அம்மாவுக்கு மட்டும் விடை எழுத முடியவில்லை. எல்லாம் ஒரே தூரத்துக்கான விடைகள்தான். போன் முதல் இரண்டைத்தான் காட்டும். மிச்சத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பதினோரு பேர் இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விடைத்தாளில் ஏதாவது ஒரு விடை விநோதமாகத் தெரிந்தால், பேனாவை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

1990-இல் அந்த வகுப்பில் என்னோடு சேர்ந்து சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது. அவளைக் கேட்டுவிட்டுத் தருகிறேன். இந்த வருடமாவது ஒருமுறை போய்ப் பாருங்கள். கோயம்புத்தூர் தூரம்தான்.

 தேதிகளில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்